எண்ணும் பதமும்

எங்கள் ஊரில் இன்ஜின் ஆயிலை ‘மினியாக் ஈத்தாம்’ என்றுதான் சொல்வார்கள். மலாயில் கறுப்பு எண்ணெய் என்று பொருள். டின்னைத் திறந்து ஊற்றும்போது அது தேன் நிறத்தில்தான் இருக்கும். டீசல் இன்ஜினில் சில நாள் ஓடினால் போதும், மை மாதிரி ஆகிவிடும். அது எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. எரிந்த டீசலின் கரியை இரும்பில் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்திருப்பது எண்ணெயின் வேலைகளில் ஒன்று. கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் என் சித்தப்பாவின் லேண்ட் ரோவருக்கு நான் ஆறு லிட்டர் எண்ணெய் ஊற்றினேன். அந்த எண்ணெய் சரியானதா என்பது ஒரு பொறியியல் கேள்வி. தேடினால் விடை கிடைத்துவிடும். அதை நான் ஊற்றியது சரியா என்பது வேறு கேள்வி. அன்றிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

*

கேமரன் மலைக்கு வந்துபோனவர்கள் பிரிஞ்சாங் சாலைகளில் அந்த வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். பின்பக்கம் கூண்டு கட்டி, முட்டைக்கோசும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு, முக்கி முனகி மேடு ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள். நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு லேண்ட் ரோவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடியாது. பல வண்டிகளுக்கு வயது என்னைவிட அதிகம்.

இந்த மலையை வில்லியம் கேமரன் 1885இல் அளந்தார். ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1931இல் திறந்தது. அந்தக் காலத்தில் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சித்தப்பா எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். முதலில் எஸ்டேட் லாரி ஓட்டினார். பிறகு வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கி, பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள காய்கறித் தோட்டங்களிலிருந்து ஸ்டோருக்குச் சாமான் இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஸ்டோரிலிருந்து பெரிய லாரிகள் அதை இரவோடு இரவாகச் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோகும். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை.

அவருடைய வண்டியில் இருப்பது அதன் சொந்த இன்ஜின் அல்ல. அது என்றோ செத்துப்போய்விட்டது. இப்போது இருப்பது ஈப்போவில் ஒரு ஹாஃப்-கட் கடையில் வாங்கிய ஜப்பான் டீசல் இன்ஜின். எந்த வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டு கப்பலேறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் கையேடு ஜப்பானில் ஏதோ ஒரு வீட்டு இழுப்பறையில் கிடக்கலாம். இங்கிலாந்து உடம்பு, ஜப்பான் இருதயம், பகாங் மலை. இந்த மூன்றுக்கும் சேர்த்து எழுதப்பட்ட கையேடு உலகத்தில் எங்கும் இல்லை.

*

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. மானியத்தைச் சீரமைக்கிறோம் என்றது அரசாங்கம். சித்தப்பா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அம்மா போனில் சொன்னார்: “ஒங்க சித்தப்பா முகமே சரியில்லடா.”

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சித்தப்பாவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டின் சட்டைக்குப் பதிலாக ஒரு டின் எண்ணெய் வாங்கிப் போனேன். 5 டபிள்யூ-30, ஃபுல்லி சிந்தெட்டிக். விலை அவர் வழக்கமாக வாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

“சித்தப்பா, எப்பவும் என்ன நம்பர் ஊத்துவீங்க?”

“பதினஞ்சு நாப்பது. போமன் அதான் ஊத்துவான்.”

“அது கீழ உள்ள வெயில் ஊருக்கு சித்தப்பா. நம்ம ஊரு குளிரு. லேசான எண்ணெய் ஊத்தினா காலையில சட்டுனு கிளம்பும். டீசலும் மிச்சமாவும்.”

அவர் டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே, “இது கெழட்டு இன்ஜினுடா,” என்றார்.

“அதுக்குத்தான் சித்தப்பா நல்ல எண்ணெயா வாங்கிட்டு வந்திருக்கேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இந்த உரையாடலை இப்போது எழுதிப் பார்க்கும்போது தெரிகிறது. அதில் தொழில்நுட்பரீதியாக முழுக்கச் சரியான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அது நான் சொன்னது அல்ல.

*

எண்ணெய் டின்னின் மேல் இருக்கும் எண்களை எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க அமைப்பின் தரநிலை வரையறுக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 5 டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள், அந்தக் குளிரிலும் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று. 15 டபிள்யூ எண்ணெய்க்கு அந்தச் சோதனை மைனஸ் 20 டிகிரியில். கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1978இல். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ‘என்னா குளிரு’ என்று நடுங்கும் காலைப்பொழுது 15 டிகிரி. அந்தச் சோதனைக்கூடத்தின் கண்ணுக்கு பிரிஞ்சாங் ஒரு வெயில் ஊர்.

15 டிகிரியில்கூட லேசான எண்ணெய் கொஞ்சம் வேகமாக மேலே ஏறும் என்பது உண்மைதான். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் கனடாவுக்கும் ஹொக்கைடோவுக்கும் எழுதப்பட்ட ஒரு நியாயத்தை எங்கள் ஊர்க் குளிருக்கு மாட்டிவிட்டேன்.

எங்களுக்கு முக்கியம் இரண்டாவது எண். அது 100 டிகிரியில் எண்ணெயின் பாகுநிலை எவ்வளவு என்பதைச் சொல்வது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள். 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். ஒப்பிட, 20 டிகிரித் தண்ணீரின் பாகுநிலை சுமார் 1. ஒரு சாதாரண 15 டபிள்யூ-40 எண்ணெய் 40 டிகிரியில் 110 சென்டிஸ்டோக் அளவில் இருந்து, 100 டிகிரியில் 14, 15க்கு இறங்கிவிடும். சூடேறினால் எல்லா எண்ணெயும் நீர்த்துப்போகும். சூடான பிறகு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெளியே பிரிஞ்சாங் 15 டிகிரியோ, கீழே தாப்பா 33 டிகிரியோ, ஓடும் இன்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் தண்ணீரை 80, 90 டிகிரிப் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதல் கியரில் பாரத்தோடு மேடு ஏறும் வண்டிக்குள் எண்ணெய் அதைவிடச் சூடாகலாம். ஊரின் குளிர் முதல் சில நிமிஷத்துக்குத்தான். மிச்ச நேரமெல்லாம் அந்த இன்ஜினின் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பது அது தூக்கும் சுமையும், ஏறும் மேடும், தேய்ந்த தேய்மானமும். நான் ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து எண்ணெய் வாங்கினேன். வண்டியின் தட்பவெப்பத்தைக் கேட்கவில்லை.

*

எண்ணெய் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வழுக்கிவிடும் ஒரு பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது இரும்பைத் தூக்கி நிறுத்துகிறது என்பது 1880களில்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார். அதுவும் மெதுவாக வெளியே வந்தது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால், தாங்கி சுமக்கும் சராசரி அழுத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் தாங்கிக்கும் நடுவே இழுத்துக்கொள்ள, சுமை அதன்மேல் மிதக்கிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கும் எங்கள் பாடப்புத்தகங்களில் இருப்பது அந்தச் சமன்பாடுதான்.

அந்த மிதக்கும் படலத்தின் தடிமன் முடியின் தடிமனில் சிறு பங்கு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் படலம் தடிமனாக இருக்கும், ஆனால் கலக்குவதற்கே சக்தி வீணாகும். மெல்லியதாக இருந்தால் சக்தி மிச்சம், ஆனால் படலம் ஒடுங்கும். 1902இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் இதை அளந்து ஒரு வளைகோடு வரைந்தார். எண்ணெய் மெலிய மெலிய உராய்வு குறைந்துகொண்டே வருகிறது. மிகக் குறைந்த இடத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. அங்கே இரும்பு இரும்பைத் தொட ஆரம்பித்துவிட்டது.

மிகச் சிக்கனமான இடம் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மலைச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். வளைவில் ஓரத்தை ஒட்டிப் போனால் தூரம் குறையும். ஓரம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவன் அப்படிப் போகலாம். புது இன்ஜினுக்கு அது தெரியும். அதன் இடைவெளிகள் அளந்து செய்யப்பட்டவை, அதன் எண்ணெய் நேரத்துக்கு மாற்றப்படும். சித்தப்பாவின் இன்ஜினுக்கு ஓரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் உள்பக்கமாகத் தள்ளி ஓட்டவேண்டும். 40க்கும் 30க்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்சம் கெட்டி, நமக்குத் தெரியாததற்கு நாம் கட்டும் காப்புறுதிப் பணம்.

ஆக, ‘சரியான எண்ணெய் எது’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: தப்பிப்போனால் யார் தாங்கவேண்டும்? டீசலில் ஓரிரு சதவீதம் மிச்சமாகும் என்பது என் கணக்கு. இன்ஜின் போனால் என்ன ஆகும் என்பது அவர் கணக்கு. நான் என் கணக்கை மட்டும் போட்டேன்.

*

எண்ணெய் மாற்றிய அன்று சாயங்காலம் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினார். தங்கச்சி போனில் ஒரு செய்முறையைப் பார்த்துக்கொண்டு, சமையல் தெர்மாமீட்டரைப் பாகில் விட்டு, “இன்னும் நம்பர் வரல, இன்னும் நம்பர் வரல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, “போதும், எறக்கு” என்று அடுப்பை அணைத்துவிட்டார். தெர்மாமீட்டர் செய்முறையில் சொன்ன எண்ணைத் தொடவே இல்லை. அதிரசம் நன்றாகவே வந்தது.

அம்மாதான் சரி. காரணமும் எளிது. பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகின் கொதிநிலையும் அதற்கேற்ப இறங்கும். செய்முறையில் போட்டிருக்கும் எண் கடல்மட்டத்து அடுப்புக்குரியது. அந்த எண் வரும்வரை காத்திருந்தால் பாகு முறுகிவிடும். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது எந்த ஊரிலும் சரியாக இருக்கும். அது ஊரை அளக்கவில்லை, பாகையே அளக்கிறது.

இதற்குத் தமிழில் ‘பதம்’ என்று பெயர். நான் பொறியியலில் விஸ்கோசிட்டி என்று படித்ததைத் தமிழ்ப் பாடநூல்கள் பாகுநிலை என்கின்றன. பாகும் பதமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தவை. நான்தான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு சுலபமான முடிவுக்குப் போய்விடக் கூடாது. அனுபவம் ஜெயித்தது, படிப்பு தோற்றது என்று. எங்கள் ஊரில் பலர் டிப்ஸ்டிக்கை இழுத்து, எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இன்னும் கெட்டியா இருக்கு, ஓடும்” என்பார்கள். அது பதம் பார்ப்பது அல்ல, பதம் பார்ப்பதுபோலச் செய்வது. விரலின் சூட்டில் எந்த எண்ணெயும் கெட்டியாகத்தான் இருக்கும். அது வேலை செய்யும் இடத்துச் சூட்டில் என்ன ஆகிறது என்று விரலுக்குத் தெரியாது. ‘கெட்டிதான் நல்லது’ என்று புதுக் காருக்கு 20 டபிள்யூ-50 ஊற்றுகிறவர்களையும் எனக்குத் தெரியும். மெல்லிய எண்ணெய்க்கென்று துளைகளும் இடைவெளிகளும் செய்யப்பட்ட இன்ஜினுக்கு அது உதவி அல்ல, சுமை. அந்த இடத்தில் கையேடுதான் சரி. மூத்தவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக ஊற்றினால் அதுவும் தப்புதான்.

அப்படியானால் ஓடும் எண்ணெய்க்கு எது பதம்? சூடான பிறகு, மெதுவாக ஓடும்போது, எண்ணெயின் அழுத்தம் நிற்கிறதா என்பது. அதைப் பார்க்க சித்தப்பாவின் வண்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது. அழுத்தம் இறங்கினால் அது எரியும். அந்த விளக்கின் எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர் மட்டும்தான்.

*

தைப்பூசம் முடிந்த வாரம் அம்மா கூப்பிட்டார். சித்தப்பாவின் வண்டி மேட்டில் நின்றுவிட்டது, இன்ஜினுக்குள் ‘டொக் டொக்’ என்று அடிக்கிறது.

சனிக்கிழமை போனேன். போமன் ஆயில் சம்ப்பைக் கழற்றி, பேரிங் தகடுகளை ஒரு பழைய செய்தித்தாளின்மேல் வரிசையாக வைத்திருந்தார். மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அவர் வயதான சீனர், சித்தப்பாவிடம் மலாயில்தான் பேசுவார். என்னைப் பார்த்து “லொங்கார்” என்றார். தளர்ந்துவிட்டது. ஏற்கெனவே தளர்ந்த இன்ஜின், எப்படியும் ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ இது வந்திருக்கும் என்றார். “எண்ணெயாலயா?” என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சித்தப்பா வெளியே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“லைட்டு எரிஞ்சுச்சா சித்தப்பா?”

“மினுக்கும்டா. மேடு ஏறிட்டு வந்து நின்னா அப்பப்ப மினுக்கும்.”

“எப்பலேர்ந்து?”

“தீவாளி கழிஞ்சு ரெண்டு மூணு நாள்லேர்ந்து.”

“ஏன் சித்தப்பா சொல்லல?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “நீ ஊத்துன எண்ணெயாச்சே. லைட்டுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்த விளக்கை நம்பி ஓட்டியவர், மூன்று மாதம் விளக்கைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்படவில்லை.

பழுதுபார்க்க இரண்டாயிரத்துச் சொச்சம் ரிங்கிட். மூன்று வாரம் வண்டி இல்லை. வேறொருவரின் வண்டிக்கு வாடகை கொடுத்துத்தான் சாமான் இறக்கினார், இல்லையென்றால் தவுக்கே அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். சித்தி கூட்டு கட்டிச் சேர்த்த பணம் போனது. நான் முழுவதையும் தருகிறேன் என்றேன். பாதியை வாங்கிக்கொண்டார். மீதியை வாங்க மறுத்துவிட்டார். ஏன் பாதி என்று நான் கேட்கவில்லை. அவரளவில் அதுதான் நியாயமான பங்கு என்று நினைத்திருக்கவேண்டும்.

*

பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஒழுக்கமும் அதிர்ஷ்டமும் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தாமஸ் நேகல் அதற்கு எதிர்வினையாக இன்னொன்றை வாசித்தார். வில்லியம்ஸின் கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் அவர் லாரியில் ஒரு குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் ‘உன்மேல் தப்பில்லை’ என்று ஆறுதல் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த டிரைவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரைப்போல வருத்தப்பட்டுவிட்டுப் போனால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றும். நடந்ததற்கு வருந்துவது வேறு, நடந்தது தன் கை வழியாக நடந்தது என்று வருந்துவது வேறு என்கிறார் வில்லியம்ஸ். அதைச் செய்தவனின் வருத்தம் என்று சொல்லலாம்.

என்னுடைய விஷயம் உயிர் சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் கேள்வியின் வடிவம் அதேதான். நண்பன் ஒருவன், அவனும் பொறியாளன், “பழைய இன்ஜின்டா, எப்படியும் போயிருக்கும். நீ ஏன் மண்டைய ஒடைக்கிற” என்றான். அவன் சொல்வது சரியாகவே இருக்கலாம். எண்ணெய்தான் காரணமா என்று என்னால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது. பழைய எண்ணெயோடு அதே இன்ஜின் அதே மாதங்களில் எப்படி ஓடியிருக்கும் என்று பார்க்க இன்னொரு இன்ஜின் இல்லை.

அதனால் இப்படி யோசித்துப் பார்த்தேன். எதுவும் நடக்காமல், வண்டி நன்றாக ஓடி, டீசலும் மிச்சமாகியிருந்தால்? அப்போதும் நான் செய்தது தப்பாக இருந்திருக்குமா? இருந்திருக்கும். வில்லியம்ஸின் டிரைவருக்கும் எனக்கும் வித்தியாசம் அங்கேதான். அவர் தவறே செய்யவில்லை. நான் செய்தேன். தவறு நான் தேர்ந்தெடுத்த எண்ணில் இல்லை. எத்தனை லிட்டர் எண்ணெய் மாதம் குடிக்கிறது, சூடானால் விளக்கு எப்படி, எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள், போமன் ஏன் அதையே ஊற்றுகிறார் என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த மனிதர் டிப்ஸ்டிக்கோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். “கெழட்டு இன்ஜினுடா” என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியும்விட்டார். அதை நான் ஒரு ஆட்சேபமாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று. அவர் பேச முடியாதபடி ஆக்கிவிட்டேன். கத்தியோ அதட்டியோ அல்ல, அன்போடு, பரிசு கொடுத்து. படித்த பிள்ளை, தீபாவளிப் பரிசு, விலை கூடிய டின். இத்தனைக்கும் நடுவே ஒரு மனிதர் எப்படி “விளக்கு மினுக்குது” என்று சொல்வார்? எங்கள் குடும்பங்களில் முதல் பட்டதாரியின் வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்தை நாம் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் அதைத் தூக்கி எங்கே வைக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

*

மெல்லிய எண்ணெய்க்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1975இல் அமெரிக்கா, ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் போட்டது. எண்ணெய்கள் மெலிந்துகொண்டே வந்ததற்கு அது மாதிரியான சட்டங்கள் ஒரு காரணம். ஒரு காரில் ஒரு சதவீதம் ஒன்றுமே இல்லை. கோடிக்கணக்கான காரில் அது மலையளவு புகை. ‘தட்பவெப்பத்துக்கு ஏற்ற எண்ணெய்’ என்ற சொற்றொடருக்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு: பூமியின் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. எங்கள் வயதுக்காரர்கள் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிரிஞ்சாங்கில் முன்புபோலக் குளிர் இல்லை என்று பெரியவர்கள் எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ஆனால் சராசரி எடுக்கிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. நூறு இன்ஜினில் இரண்டு சீக்கிரம் போனாலும் சராசரி நன்றாகவே இருக்கும். அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே வைத்திருப்பவருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு இன்ஜின். பொதுவான சரி தப்பு என்று நான் சொல்லவில்லை. புதுக் காருக்குக் கையேட்டில் போட்டிருக்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றுங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரின் வண்டிக்குப் போகும்போது, அதன் விலையை யார் கட்டுவார் என்று கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த ஆள் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு இடம் விட்டுத்தான் பேசவேண்டும். எண்ணைச் சொல்ல நான் இருக்கிறேன். பதத்தைப் பார்க்க அவர்தான் இருக்கிறார். அவர் வாயை மூடிவிட்டால் என் எண்ணைத் திருத்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

*

இன்ஜினைத் திரும்பப் பூட்டிய அன்று நானும் இருந்தேன். போமன் 15 டபிள்யூ-40 டின்னைத் திறந்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு அது போதாது என்று தோன்றியது. பேசாமல் இருப்பதும் ஒருவகையில் தப்பித்துக்கொள்வதுதானே. “அதான் சித்தப்பா சரி. நான் சொன்னது தப்பு,” என்றேன். போமனுக்கும் புரியட்டும் என்று மலாயிலும் ஒருதடவை சொன்னேன். அவர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினோம். விளக்கு கடைசி நேரத்தில்தான் எரியும். முள் முன்கூட்டியே இறங்கும். அதில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்தவேண்டும் என்று நான் சொன்னேன். எந்த மேட்டில் எந்த கியரில் பார்க்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அது என் பாடப்புத்தகத்தில் இல்லை.

போன மாதம் போன் பண்ணினார். வழக்கமாக அவர் எனக்குக் கூப்பிடமாட்டார், அம்மாவிடம்தான் சொல்லியனுப்புவார்.

“முள்ளு கொஞ்சம் எறங்குதுடா. பெட்டாமாட்டுக்கு கெட்டியா ஏதாச்சும் ஊத்தலாமா?”

“எங்க எறங்குது சித்தப்பா? மேட்டுலயா, நின்னா பொறகா? எண்ணெய் அளவு பாத்தீங்களா?”

“இரு, பாத்துட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு போனை வைக்காமலேயே இறங்கிப் போனார். பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.